1965-ஐக் கண்டவர்களின் குரலை எங்கே வைப்பது?

பொள்ளாச்சியிலும் குமாரபாளையத்திலும் 1965 பிப்ரவரியில் நடந்த இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியையும் துப்பாக்கிச்சூட்டையும் கண்ணால் கண்டவர்களில், அன்று பள்ளி இறுதி வகுப்பில் இருந்தவர்களுக்கே இப்போது எழுபத்தைந்து வயது கடந்துவிட்டது. அவர்களுள் சிலர் பிள்ளைகளோடு சென்னைக்கு வந்து, நங்கநல்லூரிலும் அண்ணா நகரிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். அந்தக் கிளர்ச்சியில் உயிரிழந்தோர் அரசுக் கணக்கில் ஏறத்தாழ 70 பேர். ஊர்களில் சொல்லப்படும் கணக்கோ அதைவிடப் பல மடங்கு. இவ்விரண்டு கணக்குக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைச் சொல்லக்கூடிய குரல்களைப் பதிந்து வைக்க இன்று பல வழிகள் இருக்கின்றன. அவற்றுள் எதைத் தேர்வது என்பதில், சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில், எனக்கு உறுதியான கருத்து உண்டு.

பெரும்பாலோர் முதலில் எடுக்கும் வழி, கைபேசியில் காணொளி எடுத்து யூடியூபில் ஏற்றுவது. செலவு இல்லை, உறவினர்களுக்கு அனுப்பினால் அன்று மாலையே பார்த்துவிடுகிறார்கள். முகத்தையும் கையசைவையும் பதிவதில் காணொளிக்கு நிகர் ஏதுமில்லை. குண்டு பாய்ந்த திசையை ஒருவர் கையால் காட்டும்போது ஒலிப்பதிவில் கிடைப்பது "இந்தா, இப்படி" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. ஆனால் கேமராவைக் கண்டதும் மனிதர் மாறிவிடுகிறார். நங்கநல்லூரில் நான் சந்தித்த பெரியவர் முதல் நாள் சலவைச் சட்டை அணிந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி அமர்ந்து, மேடைப் பேச்சின் நடையில் அரை மணி நேரம் பேசினார். அதில் செய்தித்தாளில் இல்லாத ஒரு வரிகூட இல்லை. மறுவாரம் உள்ளங்கை அளவு ஒலிப்பதிவுக் கருவியைத் தலையணை உறைமேல் வைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, பேச்சைத் தொடங்கினேன். ஒரு கட்டத்தில் அவர் நிறுத்தினார். அடுக்களையில் குக்கர் இரண்டு முறை விசில் அடிக்கும்வரை பேசவில்லை. பிறகு குரல் இறங்கி, "சந்தைக்கு வந்தவரு கண்ணு, அவருக்கும் இந்திக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். யூடியூபுக்காகத் தொகுப்பவர் முதலில் வெட்டுவது அந்த மௌனத்தைத்தான்.

காணொளித் தளம் ஏற்றிய கோப்பைச் சுருக்கி, தன் வடிவுக்கு மாற்றிக் காட்டுகிறது. கணக்கு முடக்கப்பட்டாலோ அதற்குரியவர் கடவுச்சொல்லோடு காலமானாலோ, பதிவு இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். வாட்ஸ்அப் குரல்செய்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பேட்டிக்கு நாள் குறிக்கப் பயன்படும், பேட்டியை வைக்கப் பயன்படாது.

இரண்டாவது வழி, சுருக்கப்படாத வேவ் வடிவில் ஒலியைப் பதிந்து இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் இடுவது. ஒலிக் காப்பகத்தார் பொதுவாக ஏற்றுள்ள அளவான 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒற்றைத் தடப் பதிவு மணிக்கு ஏறத்தாழ 518 எம்பி வரும். நாற்பது மணி நேரப் பேட்டி ஒரு சாதாரண 32 ஜிபி பென்டிரைவுக்குள் அடங்கிவிடும். இந்தத் தளம், கேட்பதற்கு எளிய வடிவங்களைத் தானே உருவாக்கிக்கொண்டாலும், நாம் தந்த மூலக் கோப்பை அப்படியே வைத்திருக்கிறது. யாரும் அதை இறக்கிக்கொள்ளலாம். குறையும் உண்டு. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள்கள் அது முடங்கிக் கிடந்தது. அங்கே போய்த் தேடும் தமிழ் வாசகரும் குறைவு.

மூன்றாவது, எதையும் ஏற்றாமல் வீட்டிலேயே வைத்திருப்பது. இதை நான் வெறுத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர் ஏறியபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஹார்டு டிஸ்கில் மூன்று முதியவர்களின் பேட்டிகள் இருந்தன. மறுபிரதி எடுக்காதது என் தவறு. அவர்களில் இருவரை மீண்டும் கேட்க முடியவில்லை. அதனால் இப்போது பொதுவில் இடும் எந்தப் பதிவானாலும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்ற வழக்கத்தை விடுவதில்லை.

இதுவரை சொன்னவை கோப்பைப் பற்றியவை. என் தேர்வைத் தீர்மானித்தது வேறொன்று. அண்ணா நகரில் வாழும் குமாரபாளையத்து அம்மையார் ஒருவர், துப்பாக்கிச்சூடு நடந்தது "பக்தவத்சலம் தோத்த வருசந்தான், நல்லா ஞாபகமிருக்குது" என்று மூன்று முறை சொன்னார். கிளர்ச்சியின்போது முதலமைச்சராக இருந்த பக்தவத்சலம் தேர்தலில் தோற்றது 1967-ல். ஆண்டு தவறு என்று அந்தப் பகுதியை நீக்கிவிடலாம் என்றார் உடன் வந்த நண்பர். பார்வையாளர் குழம்பக் கூடாதென்று எண்ணுகிற காணொளித் தொகுப்பாளர் எவரும் அதைத்தான் செய்வார். இத்தாலியில் தெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில், 1949-ல் காவல்துறையின் குண்டுக்குப் பலியான லூயிஜி திராஸ்துல்லி என்ற தொழிலாளியின் மரணத்தை, ஊர்க்காரர்கள் பலர் 1953-ல் நடந்த வேலைநீக்க எதிர்ப்புப் போராட்டத்தோடு சேர்த்தே நினைவுகூர்ந்தனர். வாய்மொழி வரலாற்றாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்த்தெல்லி அதைப் பிழையென்று ஒதுக்கவில்லை. அந்த மரணத்துக்குப் பதிலடி இல்லாமல் போனதை ஊரின் மனம் ஏற்க மறுத்ததன் தடம் என்று வாசித்தார். அம்மையாரும் குண்டையும் அதற்கு மக்கள் தந்த பதிலையும் ஒரே ஆண்டில் வைத்துவிட்டார். வெட்டாத ஒலிக்கோப்போடு, எத்தனையாவது நிமிடத்தில் எதைப் பேசினார் என்ற குறிப்பும் சரியான ஆண்டைச் சொல்லும் அடிக்குறிப்பும் இருந்தால், நடந்ததும் நினைவும் இரண்டும் பிழைக்கும்.

அந்த நிமிடக் குறிப்பை எழுத, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் உதவுகிறது. 2022-ல் ஓபன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட விஸ்பரும், சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் குழுவின் மாதிரிகளும் தமிழைக் கேட்டு எழுதுகின்றன. ஆனால் நான் சோதித்த பதிவுகளில் "போயிப்போட்டு வந்தனுங்க" என்ற கொங்குப் பேச்சு ஏட்டுத் தமிழாகவோ பொருளற்ற சொல்லாகவோ மாறிவிட்டது. தேடுவதற்கு அந்தப் படி போதும். மேற்கோளுக்கு ஒலியையே கேட்டுக் கையால் எழுத வேண்டும்.

ஆக, மூலத்துக்கு வேவ் ஒலியும் பொதுக் காப்பகமும் என்பது என் முடிவு. யூடியூபில் அதன் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை வழிகாட்டிப் பலகைபோல் வைத்து, முழுப் பதிவின் முகவரியைக் கீழே தரலாம். கைகாட்டிய இடங்களுக்கு மட்டும், பேட்டி முடிந்தபின் தனியாகக் காணொளி எடுக்கலாம்.

இதில் அடங்காத ஒரு பகுதி உண்டு. அந்தக் கிளர்ச்சியில் காவலர்களும் உயிரிழந்தனர். அதைப் பேசுபவர் அண்டைவீட்டாரின் பெயரைச் சொல்லிவிடக்கூடும். வட அயர்லாந்தில் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்கள், தாங்கள் இறக்கும்வரை வெளிவராது என்ற உறுதியின்பேரில் பாஸ்டன் கல்லூரிக்குத் தந்த பேட்டிகளை, 2011-ல் பிரிட்டனின் வேண்டுகோளின்படி அமெரிக்க அரசு சட்ட ஆணை அனுப்பிக் கேட்டது. அவற்றில் ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. அதனால் காக்க முடியாத வாக்கை நான் தருவதில்லை. ஒப்புதல் தாளை உரக்கப் படித்துக் காட்டுகிறேன். பெயர் சொல்லத் தொடங்கினால் கருவியை நிறுத்தலாமா என்று கேட்கிறேன். பதிந்த பிறகும் நீக்கச் சொல்லும் உரிமை அவர்களுடையது என்கிறேன்.

குமாரபாளையத்து அம்மையார் தன் பதிவில் ஏழு நிமிடத்தை நீக்கச் சொல்லவில்லை, தன் காலத்துக்குப் பிறகு திறக்கச் சொன்னார். பொதுத் தளம் எதிலும் அதை ஏற்றவில்லை. தனிப் பென்டிரைவில் இட்டு, மறுபிரதியைக் கோவையில் இருக்கும் அவருடைய மகளிடம் கொடுத்தாயிற்று. இங்குள்ளது பேத்தியின் பீரோவில், அவர் கையெழுத்திட்ட தாளோடு, மேல்மாடியில் இருக்கிறது.