இலாசுப்பேட்டை மாடியில் கின்யார்வாண்டா: மூவிடப் பெயர்களைக் கற்ற 10 சனிக்கிழமைகள்

வரும் ஜனவரியில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர இருக்கிறேன். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்றார்கள். ருவாண்டாவில் கின்யார்வாண்டா, ஆங்கிலம், பிரெஞ்சு, சுவாஹிலி ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள். ஆனால் வீட்டிலும் சந்தையிலும் பேசப்படுவது கின்யார்வாண்டாதான் என்பதால், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சனிக்கிழமைதோறும் பேருந்து பிடித்து, புதுச்சேரி இலாசுப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் வகுப்பில் 10 வாரம் படித்தேன். ஒவ்வொரு வகுப்பும் 2 மணி நேரம். மொத்தக் கட்டணம் 4,500 ரூபாய். கிகாலியில் பல ஆண்டுகள் இருந்து திரும்பிய ஒரு தமிழ்ப் பெண்மணி பாடம் நடத்துகிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இங்கே படிக்கும் ருவாண்டா மாணவர் ஒருவர் பேச்சுப் பயிற்சிக்கு வருகிறார்.

10 வகுப்புகளில் 6 வகுப்புகள் நான், நீ, அவன் போன்ற பிரதிப்பெயர்களுக்கே போய்விட்டன. முதலில் இது அதிகம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் இந்த மொழியில் பிரதிப்பெயர் என்பது வாக்கியத்தில் தனியாக நிற்கும் ஒரு சொல் மட்டும் அல்ல. வினைக்குள்ளும், உடைமைச் சொல்லுக்குள்ளும், சுட்டுச் சொல்லுக்குள்ளும் அது புகுந்து கிடக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் பாதி இலக்கணம் கைக்கு வந்துவிடுகிறது.

ஆசிரியையின் முதல் வகுப்பு மிக நேர்த்தியாக இருந்தது. அவர் அட்டவணை எதையும் எழுதவில்லை. ‘செய்கிறேன், செய்கிறாய், செய்கிறோம்’ என்று பலகையில் எழுதி, “நான், நீ, நாம் என்ற சொற்கள் இல்லாமலே யார் செய்கிறார் என்பது எப்படித் தெரிகிறது?” என்று கேட்டார். விகுதியால் தெரிகிறது என்றோம். அந்த விகுதியைக் கழற்றிச் சொல்லின் தலையில் மாட்டினால் கின்யார்வாண்டா என்றார். ந்தகோரா என்றால் வேலை செய்கிறேன். உரகோரா, வேலை செய்கிறாய். அரகோரா, அவன் அல்லது அவள் வேலை செய்கிறாள். துரகோரா, முரகோரா, பரகோரா என்பவை அவற்றின் பன்மைகள். தமிழில் கடைசியில் கேட்டுப் பழகிய தகவலை இங்கே முதல் அசையிலேயே கேட்க வேண்டும். நான், நீ என்பவற்றுக்குரிய ன்ஜே, வோவே போன்ற தனிச் சொற்கள் அழுத்தம் கொடுக்கவே வருகின்றன. தமிழிலும் நாம் ‘நான்’ என்பதை அப்படித்தான் ஆள்கிறோம்.

ஆண்பால் பெண்பால் வேறுபாடு படர்க்கையில் இல்லை. வகுப்பில் பிரெஞ்சு நன்கு அறிந்த இருவருக்கு இது உறுத்தலாக இருந்தது. எனக்கும் இரண்டு வாரம் ஆனது. நாம், நாங்கள் என்ற பிரிவும் இல்லை, இரண்டுக்கும் து என்ற ஒரே முன்னொட்டுதான். ‘போகிறோம்’ என்ற நம் வினையும் அந்தப் பிரிவைக் காட்டுவதில்லை என்று ஆசிரியை சுட்டிக்காட்டிய பிறகு அந்தக் குறை எனக்குக் குறையாகத் தெரியவில்லை. மரியாதைக்குப் பன்மையை வழங்கும் வழக்கமோ நமக்கு உடனே புரிந்துவிடுகிறது. நண்பனுக்கு நன்றி சொல்ல உரகோஸே, பெரியவருக்கு முரகோஸே. நீ, நீங்கள் என்று வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்கவே ஒன்றுமில்லை.

வகுப்பின் உயிர் என்று நான் சொல்வது நான்காவது வாரப் பயிற்சியை. கின்யார்வாண்டாவில் பெயர்ச்சொற்கள் 16 வகுப்புகளாக, அதாவது முன்னொட்டை வைத்து அறியும் இனங்களாக, பிரிகின்றன. ‘அதை’ என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை அங்கே பொருளின் வகுப்புக்கு ஏற்ப மாற்றி, வினையின் நடுவில் செருக வேண்டும். ஆசிரியை மேசையில் ஓர் எவர்சில்வர் டம்ளரில் தேநீரும் இன்னொன்றில் தண்ணீரும் வைத்தார். தேநீர் இச்சாயி, நம் சாயாவின் உறவுதான். தண்ணீர் அமாஸி. தேநீரைக் காட்டியபோது ‘அதைக் குடிக்கிறேன்’ என்பதற்கு ந்தகிஞ்வா என்று சரியாகச் சொன்னேன். தண்ணீருக்கும் அதையே சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்து, ந்தயஞ்வா என்று திருத்தினார். தேநீருக்குக் கி, தண்ணீருக்கு ய. அடுத்துப் புத்தகம்: இகிதாபோ. அரபியின் கிதாப் சுவாஹிலி வழியாக வந்த சொல் இது. அதன் முதல் அசையான கி வகுப்பு முன்னொட்டைப் போலவே ஒலித்ததால், மக்கள் அதை முன்னொட்டாகவே கொண்டு இபிதாபோ என்று பன்மையும் ஆக்கிவிட்டார்கள். என் புத்தகம் இகிதாபோ சான்ஜே, என் புத்தகங்கள் இபிதாபோ பியான்ஜே, என் குழந்தை உம்வானா வான்ஜே. ‘என்’ என்ற சொல் உடைமைப் பொருளுக்கு ஏற்ப ஆடை மாற்றிக்கொள்கிறது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் மறந்திருப்பேன். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு பிழை செய்ததால் மறக்கவில்லை.

மு என்ற அசையில் எல்லோரும் தடுமாறினோம். எழுவாயாக வந்தால் அது நீங்கள். செயப்படுபொருளாக வந்தால் அவனை அல்லது அவளை. முரமுபோனா என்றால் நீங்கள் அவரைப் பார்க்கிறீர்கள். மேலும், பார்க்கப்படுபவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் வினைக்குள் மு வரக் கூடாது: ம்போனா உம்வானா, குழந்தையைப் பார்க்கிறேன், ந்தமுபோனா, அவனை அல்லது அவளைப் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பழக்கத்தை ஆசிரியை பொறுமையாகத் திருத்தினார்.

உறவுப் பெயர்கள் வந்த நாளில்தான் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. என் தந்தை தாதா, உன் தந்தை ஸோ, அவன் தந்தை ஸே. என் தாய் மாமா, உன் தாய் ஞோகோ, அவன் தாய் ஞினா. யாருடைய என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பழந்தமிழில் எந்தை, நுந்தை, தந்தை என்றும், யாய், ஞாய், தாய் என்றும் நம்மிடமும் இதே ஏற்பாடு இருந்தது. இரு மொழிகளுக்கும் உறவு இல்லை, ஒலி ஒற்றுமை தற்செயல்தான். ஆனாலும் நாம் கைவிட்ட ஓர் ஏற்பாடு இன்னொரு நாட்டில் வீட்டுப் பேச்சாக இன்றும் வாழ்வதை அறிந்த அன்று, திரும்பும் பேருந்தில் அந்த ஆறு சொற்களையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இனி குறை. பெரிய குறை ஒன்றுதான், அது கையேடு. 40 பக்கத்துக்கு ஒளிநகல் எடுத்துத் தரப்படும் அதில் கின்யார்வாண்டா முழுவதும் தமிழ் எழுத்தில் அச்சாகியிருக்கிறது. தொடக்கத்தில் இது வசதியாகத் தோன்றும்; பிறகு கெடுக்கும். அந்த மொழியில் வல்லின ஒலியும் அதன் மென்மையான இணையும் தனித்தனி எழுத்துகள். ‘கடல்’ என்பதில் உள்ள ககரம் வேறு, ‘அங்கே’ என்பதில் உள்ள ககரம் வேறு. அதோடு, அடுத்த அசை வல்லொலியில் தொடங்கினால் து என்ற முன்னொட்டு ‘பந்து’ என்பதில் உள்ள துகரம்போல் மென்மையாகிவிடும் என்ற விதியும் உண்டு. கையேட்டில் துகோரா (வேலை செய்கிறோம்) என்று இருந்ததை நான் தமிழ்ப் பழக்கப்படி முதல் எழுத்தை வலிதாகவும் நடு எழுத்தை மெலிதாகவும் படித்தேன். சரியான ஒலிப்பு அதற்கு நேர் எதிர். ருவாண்டா மாணவர் சற்று நேரம் விழித்தார். மெல்லொலிக் ககரத்தோடு சொன்னால் அந்த வினையடி ‘கடினமாக இருத்தல்’ என்ற வேறொன்றாகிவிடுகிறது என்று பிறகு விளக்கினார். இந்த விதி கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. நானும் இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் கற்பதற்கான நூல் அப்படி இருக்கக் கூடாது. ரோமன் எழுத்தில் ஒரு படி கொடுங்கள் என்று ஆசிரியையிடமே சொன்னேன். அடுத்த அணிக்குச் செய்வதாக ஒப்புக்கொண்டார்.

சுட்டுப் பெயர்களை ஒரே வகுப்பில் ஓடவிட்டதும், எழுத்தில் காட்டப்படாத உயிர் நீட்சியையும் தொனியையும் மாணவர் வரும் நாட்களுக்கு மட்டும் விட்டுவிட்டதும் எனக்கு நிறைவளிக்கவில்லை. மாணவர் தேர்வு காரணமாக ஒரு முறை வராதபோது அந்த வாரம் காது பழகாமலே கழிந்தது.

தமிழ் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பள்ளியில் படித்தது நினைவிருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். ஆசிரியை அங்கிருந்துதான் தொடங்குகிறார். முதல் நாளே ஒரு நீளக் குறிப்பேடு வாங்கி, ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் எதிரே ‘என்’, ‘அதை’, ‘இந்த’ என்று மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். என்னுடையதில் இதுவரை 112 சொற்கள் நிரம்பியிருக்கின்றன. அடுத்த அணியின் பேச்சுப் பயிற்சிகளுக்கு மட்டும் வர அனுமதி கேட்டுப் பணமும் கட்டிவிட்டேன்.