எளிய மனிதருக்கு இடம் கொடுத்த விளையாட்டு எது? விட்சர், ரெட் டெட், ஸெல்டா: ஓர் ஒப்பீடு

பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற இரண்டு வீடியோ கேம் கருவிகளும் 2013 நவம்பரில் வெளிவந்தன. கையில் எடுத்துப் போகக்கூடிய நின்டெண்டோ ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்து சேர்ந்தது. அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த விளையாட்டு எது என்று தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இளைஞர்கள் கூடும் இடத்தில் கேட்டால், முதல் குரல் ஃபிஃபா என்றுதான் வரும். கால்பந்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கதையுள்ள விளையாட்டுகளை மட்டும் பேசுவோம் என்றால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் மிஞ்சும்: ‘த விட்சர் 3’, ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’, ‘ஸெல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்ட்’.

மூன்றுமே பரந்த உலகத்தில் நம்மை இறக்கிவிட்டு, விருப்பப்படி சுற்றித் திரிய விடுபவை. மூன்றையும் உலகமே கொண்டாடியது. 2015இல் விட்சரும் 2017இல் ஸெல்டாவும் ‘த கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதைப் பெற்றன. 2018இல் ரெட் டெட்டை முந்தி அந்த விருதைத் தட்டிச் சென்றது ‘காட் ஆஃப் வார்’. ஆகவே விருதுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. படத்தின் தெளிவையோ வரைபடத்தின் பரப்பையோ வைத்து அளப்பதிலும் எனக்கு ஆர்வம் இல்லை. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். வாள் வீசுபவனும் துப்பாக்கி ஏந்தியவனும் கடந்து போகும் ஊர்களில் உழைத்துச் சாப்பிடும் மனிதர்கள் இருக்கிறார்களே, அவர்களை அந்த விளையாட்டு எப்படி நடத்துகிறது? கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த எனக்கு இந்தக் கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. இன்னும் விளையாடாதவர்கள் இப்போதே எச்சரிக்கையாகிக்கொள்ளுங்கள்.

விட்சரிலிருந்து தொடங்குகிறேன். போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் செய்தது. 2015 மே மாதம் வெளிவந்தது. நாயகன் ஜெரால்ட் கூலிக்குப் பிசாசும் பூதமும் விரட்டுபவன். காணாமல் போன வளர்ப்பு மகள் சிரியைத் தேடிப் புறப்படுகிறான். வழியில் வெலன் என்ற போரில் சிதைந்த சதுப்பு நிலம் வருகிறது. இரண்டு படைகள் மோதிய இடம் அது. கதையோ அரசர்களை விட்டுவிட்டு, அந்த மோதலில் வயலை இழந்தவர்களைப் பின்தொடர்கிறது. ஊர் அறிவிப்புப் பலகையில் யாரோ ஒரு விவசாயி உதவி கேட்டு எழுதி ஒட்டியிருப்பான். ஜெரால்ட் அவனிடம் போய்க் கூலி பேச வேண்டும். அதிகம் கேட்டால் அவனுக்கு எரிச்சல் ஏறுவதைத் திரையிலேயே பார்க்கலாம். வேலை முடிந்த பிறகு அவன் வீட்டு நிலைமையைப் பார்த்து, பணம் வேண்டாம் என்று சொல்லிவிடவும் சில இடங்களில் வழி இருக்கிறது. அப்படிச் சொல்வதற்குத் தனிப் பரிசு எதுவும் கிடையாது. அதுதான் எனக்குப் பிடித்தது. இரக்கத்துக்கு மதிப்பெண் போடாத விளையாட்டு அபூர்வம்.

வெலனின் நடுவில் இருப்பது பாரனின் கதை. இந்தத் தலைமுறையில் எழுதப்பட்ட கதைகளிலேயே இதற்கு இணை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு கோட்டையைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பாரன் என்று சொல்லிக்கொள்ளும் பழைய படைவீரன், பெருங்குடிகாரன். மனைவியும் மகளும் வீட்டைவிட்டு ஓடிவிட்டார்கள், தேடிக் கொடு என்று ஜெரால்டிடம் கேட்கிறான். விசாரிக்க விசாரிக்க உண்மை அவிழ்கிறது: அவன் அடித்த அடியில்தான் குடும்பம் சிதறியது, மனைவியின் வயிற்றிலிருந்த கருவும் கலைந்தது. முறையாகப் புதைக்கப்படாத அந்தச் சிசு பேயாக அலைகிறது. அதைக் கொன்றுவிடலாம். அல்லது தந்தையே அதைக் கைகளில் ஏந்திவந்து, பெயர் சூட்டி, வீட்டு வாசற்படிக்கு அடியில் புதைக்கச் செய்யலாம்.

குடியால் உடைந்த வீடுகள் எந்த ஊரில் இல்லை? எங்கள் பேட்டைகளிலும் உண்டு. அவற்றைப் பற்றிப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தியே பேசுவார்கள். ஒரு வீடியோ கேம் அதை இவ்வளவு நேராகப் பார்த்துப் பேசியது என்னை உலுக்கியது. பாரனை அது மன்னிக்கவில்லை. ஆனால் அவனை அரக்கனாக்கி ஒதுக்கவும் இல்லை. முடிவும் எளிதல்ல. ஒரு மலைக்குன்றின் அடியில் கட்டுண்டு கிடக்கும் ஆவியை விடுவித்தால் அந்தச் சதுப்பில் வாழும் அநாதைக் குழந்தைகள் பிழைப்பார்கள், பாரனின் குடும்பம் அழியும். அதை அழித்தால் பாரன் மனம் பேதலித்த மனைவியை அழைத்துக்கொண்டு வைத்தியம் தேடிப் போவான்; குழந்தைகளின் கதி வேறு. எதைத் தேர்ந்தாலும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

விட்சரின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். சண்டை சுமார்தான். வாள் வீச்சில் கனம் இல்லை. குதிரை வேலியில் முட்டிக்கொண்டு நிற்கும். மூட்டைமூட்டையாகச் சேரும் பொருள்களை அடுக்கி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். கதை நன்றாக இருப்பதால் இவற்றைப் பொறுத்துக்கொள்கிறோம்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இதற்கு நேர் எதிர். 2018 அக்டோபரில் ராக்ஸ்டார் வெளியிட்டது. கையாளும் ஒவ்வொரு பொருளுக்கும் எடை உண்டு. குதிரைக்குத் தீனி போட வேண்டும், உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். வேட்டையாடிய மானை உரித்துத் தோளில் தூக்கிப் போக வேண்டும். எதிரே வரும் எவருக்கும் வணக்கம் சொல்லலாம், வம்புக்கும் இழுக்கலாம். இவ்வளவு நிதானமாக நடக்கும் விளையாட்டைச் செய்யத் தனித் துணிச்சல் வேண்டும். கௌபாய்ப் படங்கள் பார்த்து வளர்ந்த தாத்தாக்கள் பேரன் விளையாடும்போது பக்கத்தில் வந்து அமர்ந்து பார்ப்பது இந்த ஒன்றைத்தான். அவர்களுக்கு இது படம் பார்ப்பது மாதிரியே இருக்கிறது.

கதை 1899இல் நடக்கிறது. கொள்ளைக் கூட்டத்தின் அடியாள் ஆர்தர் மார்கன். அந்தக் கூட்டம் ஏழைகளுக்கு வட்டிக்குப் பணம் கொடுக்கிறது. வசூல் ஆர்தர் பொறுப்பு. நோயாளியான ஒரு சிறு விவசாயியைக் கடனுக்காக அவன் அடிக்கிறான். அந்த மனிதன் இருமும் இருமலில் ஆர்தருக்குக் காசநோய் தொற்றுகிறது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நம் கையால் நடக்கும் இந்த அடி, பல மணி நேரம் கழித்து ஆர்தரின் உயிரையே கேட்கிறது. பின்னால் அந்த விவசாயியின் விதவையையும் மகனையும் அவன் தேடிப்போய் உதவுகிறான். வட்டித் தொழில் நடத்தியவனைக் கூட்டத்திலிருந்து விரட்டுகிறான். ஏழையின் கடன் என்பதை ஒரு கதையின் முதுகெலும்பாக்கிய ராக்ஸ்டாரை இதற்காக எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அப்படிப்பட்ட விளையாட்டு ஐந்தாம் அத்தியாயத்தில் கைவிடுகிறது என்பதால்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். கப்பல் மூழ்கி, கூட்டம் குவார்மா என்ற கற்பனைத் தீவில் ஒதுங்குகிறது. க்யூபாவை ஒட்டிய கரும்புத் தீவு அது. ஃபுஸ்ஸார் என்ற கொடுங்கோலன் தொழிலாளரை அடிமைபோல் வைத்து ஆலை நடத்துகிறான். அந்தக் கரும்புக் காட்டைத் திரையில் பார்த்தவுடன் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். ஆர்தரின் கதை நடக்கும் அதே 1899இல் இங்கே சர்தார் என்ற கங்காணியின் மேற்பார்வையில் நம்மவர்கள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் இந்த மண்ணிலேயே தங்க நினைத்தவர்கள் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி போடும் சட்டம் 1895இலேயே வந்துவிட்டது.

உலகத்தின் மிகப் பெரிய விளையாட்டு நிறுவனங்களில் ஒன்று கரும்புத் தோட்டத்தைக் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அங்கே உழைப்பவரின் குரலைக் கேட்கலாம் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. சங்கிலியில் கட்டிக் கொண்டுபோகிறார்கள், கலகக்காரன் ஒருவன் விடுவிக்கிறான், பீரங்கி வெடிக்கிறது, கப்பல் ஏறி ஊர் திரும்புகிறார்கள். வயலில் நிற்பவர்களோடு உட்கார்ந்து பேச ஓர் இரவுகூடக் கிடைப்பதில்லை. திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்றாலும் அந்தத் தீவின் கதவு அதற்குப் பிறகு சாத்தப்பட்டுவிடுகிறது. அமெரிக்கப் பகுதியில் வழிப்போக்கன் ஒவ்வொருவனுக்கும் பேச்சும் பழக்கமும் கொடுத்தவர்கள், கரும்பு வெட்டுபவனை வெறும் பின்னணியாக நிறுத்திவிட்டார்கள். விட்சரை ரெட் டெட்டுக்கு மேலே நான் வைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் கட்டுப்பாடு. இவ்வளவு பெரிய உலகத்தைக் கொடுத்துவிட்டு, முக்கியக் கதைப் பணிகளில் மட்டும் சொன்ன பாதையை விட்டு இரண்டு அடி விலகினால் பணி தோற்றுவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். விட்சரில் இந்தக் கெடுபிடி குறைவு.

ஸெல்டாவில் இந்தக் கெடுபிடியே கிடையாது. ஆட்டம் தொடங்கும் மேட்டு நிலத்தில், சன்னதிகள் என்ற சோதனைக் கூடங்களில் நான்கை முடித்துக் காற்றில் மிதக்கும் துணியைப் பெற்றுவிட்டால் போதும். அந்த நிமிடமே இறுதி எதிரியைத் தேடிப் போகலாம். மொத்தம் 120 சன்னதிகள் பரவிக் கிடக்கின்றன. எதை முதலில் பார்ப்பது என்பது நம் விருப்பம். புல்லில் தீ வைத்தால் வெப்பக் காற்று மேலெழும், அதில் துணியை விரித்துப் பறக்கலாம். இடிமழையில் இரும்பு வாளை முதுகில் வைத்திருந்தால் மின்னல் தாக்கும். உலகம் நம்மிடம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டும் இதன் அருகில்கூட நெருங்க முடியாது. உடைந்துகொண்டே இருக்கும் ஆயுதங்களும், மழை வந்தால் வழுக்கும் பாறைகளும் எரிச்சல் தருபவை. பழகிவிடும்.

மனிதர்கள்? பேரழிவு நடந்து நூறு ஆண்டுகள் கழித்து நடக்கும் கதை என்பதால் ஊர்களே குறைவு. ஆனாலும் டாரி டவுன் என்ற கிளைக்கதை ஒன்று இருக்கிறது. ஹட்சன் என்ற தச்சன் வெறும் பாறைத் திட்டில் ஓர் ஊரை எழுப்பப் புறப்படுகிறான். நாம் மரம் வெட்டிக் கொடுக்கிறோம், வெவ்வேறு இனத்தவரைத் தேடி அழைத்துவருகிறோம். கடைசியில் அங்கே ஒரு கல்யாணம் நடக்கிறது. இரும்புத் தகடும் பலகையும் வைத்துக் கோயில் கட்டி, பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் கட்டியவர்களின் பரம்பரைக்கு அந்தக் கதை நன்றாகவே புரியும். அது போன்று இன்னும் நாலு இருந்திருந்தால் என் வரிசையே மாறியிருக்கும்.

வரிசை இதுதான்: விட்சர், ரெட் டெட், ஸெல்டா.

மின்வெட்டை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை மாறிவிடும். விட்சர் வெளிவந்த 2015 மே மாதத்திலேயே தென்னாப்பிரிக்காவில் மின்சாரத்தை முறைவைத்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். 2022, 2023 ஆண்டுகளில் நிலைமை உச்சத்துக்குப் போனது. டர்பனில் பெரும்பாலும் ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம். ஸ்விட்ச் கையில் இருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தை ஸெல்டா தாராளமாகத் தாங்கும். எங்கு வேண்டுமானாலும் சேமிக்கலாம். விட்சரிலும் சண்டை இல்லாத நேரத்தில் நாமே சேமித்துவைக்க முடியும். ரெட் டெட்டில் பணியின் நடுவே மின்சாரம் போனால் அந்தப் பணியை முதலிலிருந்து செய்ய வேண்டும். நீளமான பணி என்றால் மனம் நொந்துபோகும். போதாக்குறைக்கு, திடீரென அணைந்த பிளேஸ்டேஷன் 4 மறுபடி எழும்போது தன் சேமிப்பகத்தைச் சோதித்த பிறகே உள்ளே விடும். ரெட் டெட்டின் இரண்டு டிஸ்க்குகளும் சேர்ந்து பிடிக்கும் இடம் சுமார் 100 ஜிபி என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘ப்ளட்போர்ன்’, ‘காட் ஆஃப் வார்’ இரண்டையும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். ப்ளட்போர்னின் கோதிக் நகரம் அற்புதமான கட்டுமானம். அங்கே உயிரோடிருக்கும் மக்கள் கதவைத் திறக்கவே பயப்படுகிறார்கள், ஆகவே என் கேள்விக்கு அதில் இடமில்லை. காட் ஆஃப் வாரில் தந்தையும் மகனும் பேசும் பேச்சு மனதைத் தொடும். ஆனால் அவர்கள் தெய்வங்களின் குடும்பம். ஊர் என்று ஒன்று அதில் கிடையாது.

வாங்க நினைப்பவர்களுக்கு: விட்சரின் முழுத் தொகுப்பை வாங்குங்கள், பிந்தைய இரண்டு கூடுதல் கதைகளும் அதில் அடக்கம். பிளேஸ்டேஷன் 4 பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு பிளேஸ்டேஷன் 5 மேம்பாடு 2022 டிசம்பரிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ரெட் டெட்டுக்குப் பழைய டிஸ்க் போதும், இரண்டு டிஸ்க்குகளும் உறைக்குள் இருக்கின்றனவா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். ஸெல்டாவின் விலை இறங்கக் காத்திருப்பது வீண். ஞாயிற்றுக்கிழமை மாமா, சித்தி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிட்டால் இந்த மூன்றும் உதவாது. அப்போது கேப் டவுனின் ஃப்ரீ லைவ்ஸ் குழு செய்த ‘ப்ரோஃபோர்ஸ்’ விளையாட்டைப் போடுங்கள். ஒரே திரையில் நால்வர் விளையாடலாம். நம் நாட்டில் செய்தது என்பதற்காகச் சொல்லவில்லை, நன்றாக இருப்பதால் சொல்கிறேன்.