அப்பாவோட வாட்ச்சும் அந்த 104-ம்

மூணு வாரம் ஊர்ல இருந்துட்டு வந்தேன், மத்ததெல்லாம் நல்லாத்தான் போச்சு, அதை விடுங்க. இன்னும் எனக்கு ஆறாதது அப்பா போன்ல இருக்கற அந்த ஆப்தான்.

அப்பாவுக்கு 72, ஸ்டென்ட் வச்சு ரெண்டு மாசம். முன்னெல்லாம் ஃபைல கக்கத்துல வச்சுக்கிட்டு டோக்கன் போட்டு பெஞ்சுல கெடப்போமே, இப்ப கையில வாட்ச்சு, போன்ல ஆப், ரீஹாப், அதாவது இதயத்த மெல்ல தேத்தற நடைப்பயிற்சி, வீட்டுலயேன்னு அனுப்பிட்டாங்க. நான் இருக்கற நாட்டுல நெஞ்சுல ஈசிஜி ஒயர ஒட்டி ட்ரெட்மில்ல நடக்க விடுவாங்க, பக்கத்துலயே ஆள் நிக்கும், ஆனா வயசானவங்கள யாரு கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்றதுன்னு அங்கயும் பாதில விடறவங்க நெறைய. அதனால ஐடியா நல்லதுதான். (லாகின் ஓடிபி மட்டும் என் நம்பருக்கு, அதுவும் எனக்கு நடுராத்திரியில வரும், அது தனிக்கதை.)

மொத நாள் பாத்தா வாட்ச்சு வளையல் மாதிரி ஆடிக்கிட்டு இருக்கு, நடக்கறப்ப துடிப்பு 118 காட்டுது. லூசா இருந்தா நாடிய விட்டுட்டு கை வீச்ச எண்ணிடும்னு, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரக்கடை மேல ஏத்தி இறுக்கிக் கட்டுனேன். வந்தது வினை. 118 போய் 86 ஆச்சு, ஸ்க்ரீன் சிவப்பாகி 'இலக்கு 104, வேகமாக நடக்கவும்'னு கத்த ஆரம்பிச்சிருச்சு. நான் சொல்லி ஒரு நாளும் கேக்காத மனுஷன் மெஷின் சொன்னா கேக்கறாரு! வேகமா நடந்து, மூச்சு எரைக்க கேட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு, அப்பவும் 91தான், அப்பவும் சிவப்பு.

கணக்குப் போட்டுப் பாத்தா 220ல வயசு 72 போக 148, அதுதான் நிமிஷத்துக்கு அதிகபட்ச துடிப்பாம், அதுல 70 சதவீதம் 104. வயசு மட்டும் வச்சுப் போட்ட கணக்கு. அப்பா பீட்டா பிளாக்கர் சாப்பிடறாரு, அந்த மாத்திரை துடிப்ப அவ்வளவா ஏற விடாது, சும்மா உக்காந்திருந்தா 58தான். பிரேக்க அமுக்கிட்டு ஏன் ஸ்பீடு ஏறலன்னு கேட்டா எப்படி? செம கடுப்புல ஆப்லயே எழுதிப் போட்டேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு வந்துச்சு. அவ்ளோதான்னு நெனச்சேன்.

மறுநாள் காலைல நர்ஸ் போன். நெசமான நர்ஸ்! அங்கெல்லாம் இதுக்கு நான் எத்தனை தடவை ஒண்ணு அமுக்கு ரெண்டு அமுக்குன்னு காத்திருக்கணும். "ஐயா, அந்த நம்பர பாக்காதீங்க, நான் எடுத்துடறேன். நடந்துக்கிட்டே பேச முடியுதா? அது போதும். பாட்டே பாட முடிஞ்சா கொஞ்சம் வேகம் கூட்டுங்க, பேச்சு திணறுனா கொறைங்க, நெஞ்சு வலிச்சா நின்னுட்டு ஒடனே கூப்புடுங்க." அப்புறம் 6லேர்ந்து 20 வரைக்கும் ஒரு அளவு, எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு அவரே நம்பர் போடணும், 11லேர்ந்து 13க்குள்ள இருந்தா சரியாம்.

நான் கெளம்புற அன்னிக்கு வாக்கிங் முடிச்சு வந்தாரு, மூச்சு வாங்கல, ஒண்ணும் இல்ல, ஆப்ல 15னு போட்டாரு. ஏம்ப்பான்னேன்.

"அந்தப் பொண்ணு போன் பண்ணி நாலு நாளாச்சுடா."