அரசி ழான் தெவ்ரூவின் செபநூல்: நேரிலா, திரையிலா?

1324–28 காலத்தில் பாரிஸில் ஓவியர் புசெல் பிரெஞ்சு அரசிக்காக வரைந்த இந்தச் செபநூல் இப்போது நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செலவு: நேரில் பார்க்கப் பயணமும் டிக்கெட்டும், திரைக்கு இணையம் போதும்.

பக்கங்கள்: கண்ணாடிப் பேழையில் விரித்துவைத்த இரண்டு மட்டுமே, திரையில் நிறைய.

நுணுக்கம்: சந்தேகமே இல்லாமல் திரைதான். பெரிதாக்கினால், இயேசு கைதாகும் காட்சிக்குக் கீழே ஆடுகளின் மேல் ஏறிப் பீப்பாயை ஈட்டியால் குத்துகிறவர்கள் தெரிகிறார்கள். எதிர்ப்பக்கத்தில், முதலெழுத்துக்குள் அரசியே மண்டியிட்டுப் படிக்கிறாள்!

அளவு: இதற்கு நேரில்தான் போக வேண்டும். உயரம் 9.2 செ.மீ., அகலம் ஆறு சொச்சம். அத்தனை சிறிய விலங்குத்தோல் தாளில் சாம்பல் நிற நிழலாலேயே உருவங்களுக்குத் திரட்சி தந்திருக்கிறார் புசெல். எந்தத் திரையும் அந்தச் சின்னஞ்சிறு அளவைக் காட்டாது.

ஓவியம் பயில்வோருக்குத் திரை. கைத்திறனைக் கண்டு வியக்க விரும்புவோர், திரையில் பார்த்துவிட்டு நேரில் போகலாம்.