தமனி இறுகுவதற்குக் கிருமி காரணமா? மூன்று கருதுகோள்கள், ஓர் ஒப்பீடு

இதயத் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருப்பதை சிடி ஸ்கேன் காட்டிய பிறகு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையோடு கூடுதலாக வேறு எதையும் செய்ய இயலுமா என்று படிக்கத் தொடங்கினேன். கிருமிகளைக் காரணமாகச் சொல்லும் மூன்று கருதுகோள்களை ஒப்பிட்டு, ஈறு நோய்க் கிருமியின் பக்கம் சாய்ந்து, பல் மருத்துவரிடம் ஈறுகளுக்கு அடியில் ஆழச் சுத்தம் செய்துகொண்டேன். புகை, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றின் பங்கு எல்லோரும் அறிந்ததே.

நானோபாக்டீரியா கருதுகோளை விரைவாகவே ஒதுக்கிவிடலாம். தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும் மிக நுண்ணிய உயிர்கள் உண்டு என்று பின்லாந்தின் குவோப்பியோ நகர ஆய்வாளர்கள் 1998-இல் அறிவித்தனர். ஆனால் அவை அபடைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தின் உயிரற்ற படிகங்களே என்றும், அவற்றின் மரபணு எனக் கருதப்பட்டது சோதனையில் கலந்துவிட்ட வேறொரு பாக்டீரியாவுடையது என்றும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தார் 2000-இல் காட்டினர்.

நுரையீரல் தொற்றை உண்டாக்கும் கிளமைடியா நிமோனியே என்னும் பாக்டீரியாவின் வழக்கு இதைவிட வலுவானது. மாரடைப்பு நோயாளிகளிடம் அதற்கு எதிரான நோயெதிர்ப்புப் புரதங்கள் மிகுந்திருப்பதை பின்லாந்தின் சைக்குவும் அவருடைய குழுவினரும் 1988-இல் கண்டனர். தமனிப் படிவுகளுக்குள்ளேயே அக்கிருமி பின்னர் காணப்பட்டது. ஆயினும் கிருமியை ஒடுக்கினால் நோயின் போக்கு மாறுகிறதா என்பதையே நான் உரைகல்லாகக் கொண்டேன். ஒரு கிருமி படிவுக்குள் இருப்பது, ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் அது பின்னர் வந்து தங்கியதாகவும் இருக்கலாம் அல்லவா? 2005-இல் வெளியான ஆய்வொன்றில் 4,012 இதய நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு ஓராண்டுக் காலம் வாரந்தோறும் அசித்ரோமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்துப் பார்த்தும், மாரடைப்போ மரணமோ குறையவில்லை. காட்டிஃப்ளாக்சசின் என்னும் வேறொரு கிருமிக்கொல்லியைக் கொடுத்த மற்றோர் ஆய்வும் அதே ஆண்டில் இதே முடிவைத் தந்தது. நாட்பட்டுப் பதுங்கிய கிருமியை மருந்து எட்டவில்லை என்று வாதிடலாம். அப்படியே இருந்தாலும் நோயாளிக்குப் பயன் இல்லை.

ஈறு நோயை உண்டாக்கும் போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் இந்த உரைகல்லில் ஓரளவேனும் நிற்கிறது. ஈறு சிதைந்தவர்கள் பல் துலக்கும்போதே கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. படிவுகளிலும் இதன் மரபணு கிடைத்திருக்கிறது. கடுமையான ஈறு நோயுள்ள 120 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், தீவிர ஈறு சிகிச்சை பெற்றவர்களின் இரத்தக் குழாய்கள் விரியும் திறன் மறுநாள் குறைந்திருந்தது. ஆனால் ஆறாம் மாதத்தில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. மற்ற இரண்டு கருதுகோள்களிலும் இவ்வளவு தெளிவான மாற்றத்தை நான் காணவில்லை. மேலும், இதயத்துக்கு உதவும் என்ற வாதம் தோற்றாலும் பற்களாவது மிஞ்சும்.

ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஈறு நோய்க்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு, ஆனால் காரண உறவு நிறுவப்படவில்லை என்றே அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் கூறியது. படிந்த சுண்ணாம்பு கரையும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஸ்டேட்டின் உட்கொள்வோரிடம் சுண்ணாம்பின் அளவு கூடுவதும் உண்டு என்பதால், மறு ஸ்கேனை வைத்து ஈறு சிகிச்சையின் பலனை அளக்கவும் இயலாது.