மியூவான்களை எங்கே அளப்பது: ஜெனீவாவின் நிலத்தடியிலா, ஊட்டி மலையிலா?

விண்வெளியிலிருந்து வரும் அணுக்கருக்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதிச் சிதறும்போது தோன்றும் மியூவான்களை (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்களை), துகள் மோதல்களுக்காகக் கட்டிய உணர்கருவியில் அளப்பது மேலா, அவற்றுக்கென்றே அமைத்த கருவியில் அளப்பது மேலா? ஜெனீவா அருகே துகள் கற்றைகளை மோதவிடும் பெரிய ஹாட்ரான் மோதுவியில், நிலத்தடியில் அமைந்த செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் கருவியையும் ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகும்.

பரப்பிலும் பொறுமையிலும் ஊட்டிதான் முந்துகிறது. 6 மீட்டர் நீளமுள்ள 3,712 வாயுக் குழாய்கள் 560 சதுர மீட்டரில் அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் மேலுள்ள சுமார் 2 மீட்டர் கான்கிரீட்டைத் துளைத்து வரும் மியூவான்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி பதிவாகின்றன. 2014 டிசம்பர் 1 அன்று இடிமேகம் ஒன்று கடந்தபோது மியூவான் வரத்து சில நிமிடங்களுக்குச் சிறிதளவு குறைந்ததைக் கொண்டே, அம்மேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் எனக் கணிக்க முடிந்தது. இதை ஆலிஸ் செய்திருக்க முடியாது. 28 மீட்டர் பாறையைக் கடந்து அதை எட்டுபவை 16 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகளாற்றலின் அலகு) மேற்பட்ட ஆற்றலுடைய மியூவான்களே என்பதால், மேகத்தின் மின்புலம் அவற்றை அவ்வளவாக அசைப்பதில்லை.

ஆனால், நெருக்கமாக வந்து விழும் மியூவான் கொத்துகளைப் பிரித்தறிவதில் ஆலிஸ் வேறு தரத்தில் நிற்கிறது. நீளமும் விட்டமும் 5 மீட்டர் அளவிலான அதன் வாயு உருளையில் ஒவ்வொரு மியூவானும் தனிக்கோடாகத் தெரிகிறது. காந்தப்புலத்தில் கோடு வளையும் விதம் அதன் உந்தத்தையும் மின்னூட்டத்தையும் காட்டிவிடுகிறது. மையத்திலிருந்து வெளியே பாயும் துகள்களுக்காக எழுதப்பட்ட மென்பொருள், மேலிருந்து கீழே ஊடுருவும் ஒரே மியூவானை இரண்டு தடங்களாகக் காட்டுவதால், மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஆய்வாளர்கள் இணைத்துத்தான் எண்ண வேண்டியிருந்தது. 2010 முதல் 2013 வரை, மோதுவியில் துகள் கற்றை ஓடாத இடைவெளிகளில் திரட்டிய 30.8 நாள் தரவில், 100க்கு மேற்பட்ட மியூவான்கள் ஒருசேர வந்த நிகழ்வுகள் ஐந்து. செர்னில் முன்பு இயங்கிய லெப் மோதுவியின் அலெஃப், டெல்ஃபி கருவிகள் கண்ட இத்தகைய கொத்துகளை, வந்தவை அனைத்தும் இரும்புக் கருக்கள் என்று கொண்டாலும் அன்றைய கணிப்புகளால் விளக்க முடியவில்லை. ஆலிஸின் ஐந்தையோ, பெரிய ஹாட்ரான் மோதுவியின் அளவீடுகளால் திருத்தப்பட்ட கணிப்பு மாதிரி, ஒரு கோடி ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுடைய கனமான கருக்களைக் கொண்டு விளக்கிவிட்டது. மோதுவியில் கற்றது வானத்துப் புதிருக்கு உதவியது என்பதே எனக்கு இதில் மிகப் பெரிய நிறைவு.

எனினும் 30.8 நாள் என்பது மிகக் குறைவு. ஆலிஸ் இன்று அமர்ந்திருக்கும் அதே நிலத்தடிக் கூடத்தில், அதே காந்தத்தோடு முன்பு இயங்கிய லெப்பின் எல்3 கருவி, மியூவான்களுக்கென்று தனித் தூண்டுமுறையும் (எந்த நிகழ்வைப் பதிவது எனத் தீர்மானிக்கும் ஏற்பாடு) தனித் தரவுப்பதிவும் அமைத்துக்கொண்டு, மேலே நிலப்பரப்பில் 50 ஒளிர்வு உணரிகளையும் சேர்த்து, 1999, 2000 ஆகிய இரண்டு ஆண்டுகளில் சுமார் 1,200 கோடி நிகழ்வுகளைப் பதிந்தது. மோதல் ஆய்வும் அதனால் தடைபடவில்லை. மோதுவிக் கருவியைத் தேர்ந்தெடுப்பதாயின், ஓய்வு நேரத்தை மட்டும் நம்பாத இந்த ஏற்பாட்டோடு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன்.