வளர்வது யார்? கூட்டாக ஆடும் மூன்று சாகசச் சீட்டாட்டங்கள்

ரம்மியோ 304-ஓ, ஒரு ஆட்டம் முடிந்தால் சீட்டை அள்ளிக் கலைத்துவிடுவோம். போன கையில் வந்த நல்ல சீட்டு இந்தக் கைக்கு உதவாது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பரவியிருக்கும் இன்னொரு வகைச் சீட்டாட்டத்தில் கதையே வேறு. நான்கு பேர் உட்கார்ந்தால் நால்வரும் ஒரே கட்சி. எதிராளி என்று யாரும் கிடையாது. பூதம், பொறி, சூனியக்காரன் எல்லாம் சீட்டுக்கட்டிலிருந்துதான் கிளம்பி வருவார்கள். ஆளுக்கொரு பாத்திரம், பாத்திரத்துக்கொரு சீட்டுக்கட்டு. போன வாரம் கிடைத்த வாள் இந்த வாரமும் நம்மிடம் இருக்கும்.

இந்த வகையில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் மூன்று: பாத்ஃபைண்டர் அட்வென்ச்சர் கார்டு கேம், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கார்டு கேம், குளூம்ஹேவன். மூன்றையும் ஒரே கூடையில் போட்டு "எது பெஸ்ட்?" என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வியைவிட "இதில் வளர்வது எது?" என்ற கேள்விதான் உதவியாக இருக்கிறது. மூன்றிலும் வளர்ச்சி உண்டு. ஆனால் வளரும் பொருள் வேறு வேறு.

முதலில் பாத்ஃபைண்டர். பைசோ நிறுவனம் 2013-ல் வெளியிட்டது. வடிவமைத்த குழுவுக்கு மைக் செலிங்கர் தலைமை. ரைஸ் ஆஃப் தி ரூன்லார்ட்ஸ் என்ற கதைத்தொடர் அந்த நிறுவனத்தின் ரோல்பிளேயிங் (பாத்திரமேற்றுக் கதையாக ஆடும்) ஆட்டத்தில் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தது. அதையே சீட்டாக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 15 சீட்டு: ஆயுதம், மந்திரம், கவசம், பொருள், துணைவர், ஆசி என்று ஆறு வகை. வீரனிடம் ஆயுதம் அதிகம், மந்திரவாதியிடம் மந்திரம் அதிகம்.

இந்த 15 சீட்டுதான் ஆயுதம், இதுவேதான் உயிரும். அடி விழுந்தால் கையிலிருக்கும் சீட்டைக் கழிக்க வேண்டும். மறுபடி கையை நிரப்பும்போது கட்டில் சீட்டு இல்லையென்றால் ஆள் காலி. அந்தப் பாத்திரம் அடுத்த வாரம் எழுந்து வராது.

சரி, அப்படியானால் சீட்டைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆடலாமே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு கழுத்தைப் பிடிக்கிறது. நான்கு பேர் ஆடினால் மேசையில் ஆறு இடங்கள். இடத்துக்குப் பத்துச் சீட்டு என்று மொத்தம் 60. வில்லன் அதில் ஏதோ ஒன்றில் ஒளிந்திருக்கிறான். ஆனால் நால்வருக்கும் சேர்த்து இருப்பது 30 முறைதான், முறைக்கு இலவசமாக ஒரு சீட்டைத்தான் திருப்பலாம். அதாவது பாதிச் சீட்டைத்தான் பார்க்க முடியும். கூடுதலாக ஒரு சீட்டைத் திருப்ப வேண்டுமென்றால் ஒரு துணைவரையோ ஓர் ஆசியையோ கழிக்க வேண்டும். நேரம் வேண்டுமா, உயிரைக் கொடு. அந்த ஆசிச் சீட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: பக்கத்தில் இருப்பவர் பகடை உருட்டும்போது அதைப் போட்டால் அவருக்கு ஒரு பகடை கூடும். என் வேகத்துக்கா, உன் வெற்றிக்கா என்ற கேள்வி சுற்றுக்குச் சுற்று வந்துகொண்டே இருக்கும். கூட்டாட்டம் என்று பெட்டியில் அச்சடித்துவிட்டால் மட்டும் கூட்டு வந்துவிடாது. இப்படி ஒரு சீட்டுக்கு இரண்டு கடமை வைத்தால் வரும்.

இன்னொரு சின்ன உதாரணம். மெரிசியல் என்ற திருடிக்குத் தனியாக நிற்கும் இடத்தில்தான் சண்டையில் கூடுதல் பலம். கைரா என்ற பூசாரிப் பெண்ணால் கழிந்த சீட்டுகளைக் கட்டுக்குத் திருப்ப முடியும், ஆனால் அதற்கு இருவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அதோடு, அந்த முறைக்குரிய தேடலையும் கைரா விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே மெரிசியலின் கட்டு இரண்டு மூன்று சீட்டுக்கு இறங்கியதும் மேசையில் பஞ்சாயத்து தொடங்கும். "நீ இங்கே வா", "வந்தால் என் பலம் போய்விடும்", "அப்ப செத்துப்போ". விதிப் புத்தகத்தில் எங்கும் "இப்போது விவாதியுங்கள்" என்று எழுதியிருக்காது. இரண்டு பாத்திரங்களின் சீட்டில் இருக்கும் நாலைந்து வரிகள் செய்யும் வேலை அது.

ஆட்டம் முடிந்ததும் கிடைத்ததையெல்லாம் நடுவில் கொட்டி, யாருக்கு எது பொருந்தும் என்று பேசி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கட்டின் வகைக் கணக்கு மாறக்கூடாது. மூன்று ஆயுதத்துக்கு இடம் என்றால் மூன்றுதான். புது வாள் வேண்டுமானால் பழையதை விட வேண்டும். கதை நகர நகர, பாத்திரச் சீட்டில் இருக்கும் சின்னச் சின்னக் கட்டங்களில் டிக் அடிப்போம்: பகடைக்கு ஒன்று கூட்டல், கையில் ஒரு சீட்டு கூடுதல், கட்டில் ஓர் ஆசிக்கு இடம். பார்க்கப் பெரிதாகத் தெரியாது. கதைத்தொடரின் ஆறு பெட்டி தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தால், முதல் நாள் கோப்ளின் என்ற குட்டிப் பூதத்திடம் உதைவாங்கிய ஆளா இவன் என்று இருக்கும்.

குறையும் உண்டு, சின்னதல்ல. கதை மிக மெலிவு. சீட்டுகள் கலைத்துப் போட்டவை என்பதால் எந்த இடத்தில் எது வரும் என்பதற்குத் தர்க்கம் கிடையாது. கோயிலுக்குள் ஓநாய் வரும். பல சுற்றுகள் "திருப்பு, உருட்டு, அடுத்தவர்" என்றே ஓடும். முதல் பதிப்புச் சீட்டுகளின் வாசகங்களைப் படித்துச் சண்டை போடாத குழு அபூர்வம். 2019-ல் வந்த புதிய கோர் பெட்டி விதிகளை நன்றாகவே ஒழுங்கு செய்திருக்கிறது. இப்போது தொடங்குபவர்கள் அதில் தொடங்குவதே மேல்.

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கார்டு கேம் இதற்கு நேர் எதிர்த்திசை. 2011-ல் ஃபேன்டஸி ஃப்ளைட் வெளியிட்டது, வடிவமைப்பு நேட் ஃப்ரெஞ்ச். பகடையே கிடையாது. மூன்று நாயகர்களைத் தேர்ந்தெடுத்து, தலைமை, போர்த்திறன், ஆன்மா, அறிவு என்ற நான்கு பிரிவுகளிலிருந்து குறைந்தது 50 சீட்டுக்குக் கட்டு அமைக்க வேண்டும். அடிப்படை ஆட்டத்தில் உங்கள் அரகார்ன் எத்தனை முறை வென்றாலும் அதே அரகார்ன்தான். டிக் அடிக்கக் கட்டம் இல்லை.

பின் என்ன வளர்கிறது? ஆடுபவரின் மூளை. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் யாரைப் பயணத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். ஏயோவின் என்ற நாயகியின் மனவலிமை 4. பயணத்துக்கு அவளைவிட நல்ல ஆள் ஆரம்பப் பெட்டியில் இல்லை. ஆனால் அனுப்பிய ஆள் அந்தச் சுற்றில் பொதுவாகத் தற்காப்புக்கு நிற்க முடியாது. அனுப்பிய பிறகுதான் ஆபத்துச் சீட்டு திறக்கப்படும். குறைவாக அனுப்பினால் அபாய எண் ஏறும். அது 50-ஐத் தொட்டால் நீங்கள் வெளியே. அதிகமாக அனுப்பினால் வரும் ஓர்க் என்ற எதிரியைத் தடுக்க வீட்டில் ஆள் இருக்காது. முதல் பெட்டியின் இரண்டாவது கதையில் மலை ட்ரோல் என்ற அரக்கன் வருவான்: தாக்குதல் 6, உயிர் 9. புதிதாக ஆடுபவர்கள் அவனிடம் தோற்று, வீட்டுக்குப் போய்க் கட்டைப் பிரித்து, நாலு சீட்டை மாற்றி, மறுபடி வந்து தோற்பார்கள். அந்தப் பிரித்து அடுக்கலில்தான் இந்த ஆட்டத்தின் போதை. மேசையில் செலவாகும் நேரத்துக்கு ஈடாக மேசைக்கு வெளியேயும் செலவாகும். அதைச் சுமையாக நினைப்பவர்களுக்கு இது சரிவராது.

பின்னால் வந்த சாகா விரிவாக்கங்களில் தொடர்கதை முறையைச் சேர்த்தார்கள். வென்றால் வரம் தரும் சீட்டு, தவறவிட்டால் சுமைச் சீட்டு, இரண்டும் அடுத்த கதைக்குக் கூடவே வரும். திருத்திய ஆரம்பப் பெட்டியிலும் அந்த முறை இருக்கிறது. நல்ல சேர்க்கைதான். ஆனாலும் பாத்திர வளர்ச்சிக்காக மட்டும் ஒருவர் இதை வாங்கினால் ஏமாந்துபோவார். தனியாக ஆடுபவர்களுக்கோ மூன்றில் முதலிடம் இதற்குத்தான், யோசிக்கவே வேண்டாம்.

குளூம்ஹேவன் 2017-ல் வந்தது. ஐசக் சில்ட்ரஸ் என்ற ஒற்றை வடிவமைப்பாளரின் கைவேலை. பலகையும் பொம்மைகளும் இருப்பதால் "இது சீட்டாட்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆடிப் பார்த்தால் சந்தேகம் தீரும். சண்டைக்குப் பகடை கிடையாது, எல்லாமே சீட்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒன்றின் மேல்பாதியையும் மற்றதன் கீழ்பாதியையும் பயன்படுத்தலாம். பெரும்பாலும் மேல்பாதி அடி, கீழ்பாதி நடை. இரண்டில் ஒன்றின் நடுவில் இருக்கும் எண்தான் நீங்கள் எப்போது ஆடுவீர்கள் என்பதைச் சொல்லும். நல்ல அடி இருக்கும் சீட்டில் மெதுவான எண் இருக்கும். வேகமான சீட்டின் மேல்பாதி சொத்தையாக இருக்கும். சீட்டுகள் தீர்ந்ததும் ஓய்வெடுத்து மீட்கலாம், ஆனால் ஒவ்வொரு ஓய்விலும் ஒரு சீட்டு அந்த ஆட்டம் முடியும்வரை போய்விடும். கை சுருங்கிக்கொண்டே வரும். எதிரி அடித்துச் சாவதைவிடக் களைத்து விழுவதுதான் இங்கே அதிகம்.

லெவல் ஏறினால் புதுச் சீட்டு ஒன்று கிடைக்கும், ஆனால் கையின் அளவு கூடாது. ப்ரூட் என்ற பாத்திரத்துக்குப் பத்து என்றால் ஒன்பதாம் லெவலிலும் பத்துதான். ஆகவே வளர்வதென்றால் பழகிய ஒரு சீட்டை வெளியே வைப்பது. அதோடு, அடியின் பலத்தை முடிவுசெய்ய ஒவ்வொருவருக்கும் 20 சீட்டு கொண்ட ஒரு தனிக்கட்டு உண்டு: கூட்டல், கழித்தல், இரட்டிப்பு, அடியையே பூஜ்யமாக்கும் ஒரே ஒரு சீட்டு. பெர்க் என்ற சலுகை கிடைக்கும்போது அதிலிருந்து கழித்தல் சீட்டுகளை எடுத்து எறியலாம், புதியவற்றைச் சேர்க்கலாம். அதிர்ஷ்டத்தையே கொஞ்சம் கொஞ்சமாக நமக்குச் சாதகமாகச் செதுக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு மிகப் பிடித்தது. பாத்ஃபைண்டரில் பகடைக்கு ஒன்று கூட்டுவதைவிட இது கையில் நன்றாகத் தெரிகிறது.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற பணி ஓய்வு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சொந்த லட்சியம் உண்டு. அது நிறைவேறியதும் பாத்திரம் ஊரைவிட்டு ஒதுங்கிவிடும். பெரும்பாலும் அதற்கு ஈடாக ஒரு மூடிய பெட்டி திறக்கும், உள்ளே இதுவரை பார்க்காத இனம், புதுச் சீட்டுகள். மொத்தம் 17 பாத்திர வகைகள், தொடக்கத்தில் ஆடக்கூடியவை ஆறுதான். பாத்ஃபைண்டரில் ஒரே ஆளை ஆறு பெட்டி தூரம் கைப்பிடித்துக் கூட்டிப்போவோம். இங்கே வளர்த்தவனை வழியனுப்பிவிட்டுப் புதியவனோடு தொடங்குவோம். எது பிடிக்கும் என்பது ஆளைப் பொறுத்தது. என் குழுவில் ஒருவர் லட்சியம் முடிந்துவிடுமே என்று பயந்து, வேண்டுமென்றே இழுத்தடிப்பார்.

கூட்டு என்ற விஷயத்தில் குளூம்ஹேவன் கொஞ்சம் கறார். எந்தச் சீட்டு வைக்கிறேன், என்ன எண் என்பதை வெளிப்படையாகச் சொல்லக்கூடாது. "நான் சீக்கிரம் போவேன்", "அந்த மூலைக்காரனை அடிப்பேன்" என்று பொத்தாம்பொதுவாகத்தான் பேசலாம். காசும் பொருளும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள முடியாது. நண்பன் உதைபடும்போது நாம் ஓரமாகக் கிடக்கும் காசைப் பொறுக்கப் போவது விதிப்படி சரிதான். கஞ்சத்தனமாகத் தோன்றும், ஆனால் இதில் ஒரு பெரிய நோய்க்கு மருந்து இருக்கிறது. எல்லாருக்கும் தானே யோசித்து, "நீ அதைப் போடு, நீ இங்கே நில்" என்று ஏவும் ஓர் ஆள் எல்லாக் கூட்டாட்டக் குழுக்களிலும் இருப்பார். பாத்ஃபைண்டரில் அவரை அடக்க வழியே இல்லை. இங்கே அவருக்கு மற்றவர் கைச்சீட்டு தெரியாது.

நான்காவதாக ஆர்க்கம் ஹாரர் கார்டு கேமைச் சொல்லாவிட்டால் கோபிப்பார்கள். 2016-ல் வந்தது. 1920-களின் அமெரிக்காவில் நடக்கும் திகில் கதை என்பதால் வாளும் மந்திரக்கோலும் தேடுபவர்களுக்கு இது பக்கத்து வீடு. ஆனால் தோற்றாலும் கதை நிற்காமல் வேறு வழியில் போவதும், அனுபவப் புள்ளியோடு உடலிலும் மனத்திலும் பட்ட காயமும் அடுத்த அத்தியாயத்துக்குக் கூட வருவதும் மற்ற மூன்றிலும் இந்த அளவுக்கு இல்லை. கதைதான் முக்கியம் என்பவர்கள் நேராக அங்கே போகலாம்.

வாங்கும் முன் சில நடைமுறை விஷயங்கள். எல்லாவற்றிலும் சீட்டு முழுக்க ஆங்கில வாசகம். வீட்டுச் சிறுவர்களோடு ஆடுவதென்றால் பாத்ஃபைண்டர் தேவலை, ஒருவர் படித்துச் சொன்னால் மற்றவர் பகடை உருட்டலாம். குளூம்ஹேவனில் சீட்டு ரகசியம் என்பதால் ஒவ்வொருவரும் தானே படித்தாக வேண்டும். அதன் பெரிய பெட்டி கிட்டத்தட்ட பத்துக் கிலோ, 95 கதைக்களங்கள். வைக்க அலமாரியும், மாதக்கணக்கில் கூடிவரும் அதே நண்பர்களும் வேண்டும். ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்கு இடமாற்றம் என்றால் ஆட்டம் அந்தரத்தில் நிற்கும். லார்ட் ஆஃப் தி ரிங்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் விரிவாக்கங்கள் பர்ஸைப் பதம்பார்க்கும்.

என் தீர்ப்பு இதுதான். பாத்திரம் வளர்வதைப் பார்க்கும் இன்பம் வேண்டும், கதை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, மேசையில் சத்தமும் சிரிப்பும் இருக்க வேண்டும் என்றால் பாத்ஃபைண்டர். தனிமையும் தோல்வியும் ஒத்துக்கொள்ளும் என்றால் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ். ஆட்டமாகப் பார்த்தால் மூன்றில் நேர்த்தியானது குளூம்ஹேவன்தான். ஆனால் பெரிய பெட்டியில் கைவைக்காதீர்கள். 2020-ல் வந்த ஜாஸ் ஆஃப் தி லயன் என்ற சிறிய பெட்டியில் நான்கு பாத்திரங்களும் 25 கதைக்களங்களும் இருக்கின்றன. விதிகளை முதல் ஐந்து களங்களில் படிப்படியாகச் சொல்லித்தரும், வரைபடம் புத்தகத்திலேயே அச்சாகியிருப்பதால் பலகைகளைப் பொருத்திக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் குழு அந்த 25-ஐ முடித்துவிட்டு இன்னும் கேட்டால், அப்போது அந்தப் பத்துக் கிலோவுக்கு இடம் ஒதுக்கலாம்.